மினோவா வாங்கப்போன ரிமோட்

அத்தியாயம் 5

முன்பெல்லாம் பெண்டாட்டி ஓடிப்போனால் துப்பறிகிறவனைத் தேடி வருவார்கள். கூட்டாளி கல்லாப்பெட்டியோடு மறைந்தால் வருவார்கள். இப்போது பொம்மைக் கார் கவிழ்ந்தாலே வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே குற்றவாளியின் பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சாட்சியைத் தேடிக் கொடுத்தால் போதுமாம். விசாரணை என்ற சொல்லுக்கு இந்தக் காலத்தில் மிச்சமிருக்கிற அர்த்தம் அவ்வளவுதான்.

இதை நினைத்து முகத்தைச் சுளித்தபடிதான் தோகுரா அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆபே ஆற்றுப் படுகையில் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய ஆள். படிப்பு சின்ன வகுப்போடு நின்றுபோனது. பாதி ஆயுள் சூரை மீன் கப்பலில் போனது, மீதி ஆயுள் பிறத்தியார் பொய்களுக்குப் பின்னால் நடந்தே போனது. யாரையும் நம்பக்கூடாது என்பது அவருக்குக் கொள்கை இல்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பது போல அது ஒரு பழக்கம்.

பக்கத்தில் கசுமி நின்றாள். நாற்பத்தைந்து வயது, அவருடைய உதவியாள். முன்பு சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவள். கம்பெனி மைக்கைப் பிடுங்கிக்கொண்டது. வாயைப் பிடுங்க முடியவில்லை.

"முதலாளி, அந்த வண்டியப் பாருங்க. என் மாமியார் மாடிப்படி ஏறுற மாதிரியே ஏறுது."

முழங்கை நீளத்துக்கு ஒரு ஜீப். யானைக்குட்டிக் கால்கள் போலப் பெரிய ரப்பர்ச் சக்கரங்கள். அது ஒரு பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த விளையாட்டில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையில் அங்கங்கே நட்டிருக்கும் ஜோடிக் குச்சிகளுக்கு நடுவே, குச்சியில் உரசாமல், கவிழாமல், கை வைத்துத் தூக்கிவிடாமல் வண்டி போய்ச் சேர வேண்டும். ஓட்டுகிறவன் ரிமோட்டைப் பிடித்துத் தள்ளி நிற்பான். நடுவராக இருப்பவன் வண்டிக்குப் பக்கத்திலேயே முட்டி போட்டுக் குந்தியிருப்பான்.

ரிமோட்டைப் பிடித்திருந்தவர் மினோவா. ஷிமிஸு துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளைத் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். பாறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் இசாகா. குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்ப்பவன். இருவரும் இருபது வருஷச் சிநேகிதர்கள். மினோவா சொன்ன குற்றவாளி இவன்தான்.

ஜீப் பாறையின் விளிம்புக்கு வந்தது. அங்கே ஒரு நொடி நின்று, முன் சக்கரத்தைத் திருப்பி, கீழே இறங்க வேண்டும். ஒரு நொடி நிற்கத்தான் பார்த்தது. முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, உருண்டு, தண்ணீரில் போய் மல்லாந்தது.

மினோவா தலையைத் திருப்பி, பார்த்தீர்களா என்பது போல தோகுராவைப் பார்த்தார்.

"மூணு வாரமா இதேதான் தோகுரா சான். ஓடறப்ப ஒண்ணும் ஆகாது. நிறுத்திப் பிடிக்கிற இடத்துல மட்டும் கவுத்துடறான். பையில ஏதோ மிஷின் வச்சிருக்கான், சிக்னல இடிக்கிறான். சாயங்காலம் நாலு மணிக்கு எங்க சங்கம் கூடுது. அதுக்குள்ள நீங்க எனக்கு ஒரு ஆதாரம் குடுங்க. அவனை வெளிய அனுப்பிடுவோம்."

"ஆதாரம் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னாலும் அனுப்புவோம். கிடைச்சா கௌரவமா இருக்கும்."

தோகுரா அந்த ரிமோட்டை வாங்கிப் பார்த்தார். கைத்துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை, அது வண்டியை ஓட்டும். பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம், அது திருப்பும். மேலே தபால்தலை அளவுக்குத் திரை. அதைக் கசுமியிடம் நீட்டினார்.

"நீ ஏத்து."

"நானா? எங்க பஸ்ஸ 'வரலாம் வரலாம்'னு சொல்லி கோயில் சுவத்துல முட்ட வச்சவ நான். அன்னிக்குத்தான் வேலையே போச்சு."

"அதான் குடுக்கறேன். ஏத்து."

கசுமி ஏற்றினாள். குச்சிகளில் எல்லாம் உரசினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தினாள். ஜீப் நின்றது. காக்கை பாறையில் உட்கார்ந்தது போல அசையாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மினோவாவின் முகம் கறுத்தது.

"புரியுதா? என் கையில இருந்தாதான் பண்றான். ஆளப் பாத்துப் பண்றான்."

நியாயமாகத்தான் பட்டது. தோகுரா இசாகாவிடம் நடந்தார். ஈரக் கல்லில் வழுக்கியதுபோல அவன் மேல் சாய்ந்து, கப்பலில் கற்ற வித்தையால் அவன் சட்டைப்பை, இடுப்புப்பை எல்லாவற்றையும் ஒரே தடவலில் பார்த்துவிட்டார். புளிப்பு மிட்டாயும் ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன.

"பெரியவரே, தேடணும்னா கேட்டா நானே காட்டியிருப்பேன்," என்றான் இசாகா. அவன் முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன.

"கேட்டா நல்லதத்தான் காட்டுவாங்க. நீ நடுவரா இருக்கறப்ப உன் ரிமோட் எங்க இருக்கும்?"

இசாகா கரையிலிருந்த மடக்கு மேசையைக் காட்டினான். அதன் மேல் ரிமோட்டுகள் அணைத்து வைக்கப்பட்டு வரிசையாகக் கிடந்தன. ஒருவன் ஓட்டி முடித்ததும் ரிமோட்டை அங்கே வைத்துவிட்டு, அடுத்தவனுக்கு நடுவராகப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். காவல் கிடையாது. காவல் தேவையும் இல்லை. அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசினாலும் பொறுத்துக்கொள்வார்கள். அடுத்தவன் ரிமோட்டைத் தொட்டவனைப் பொறுக்க மாட்டார்கள்.

"உன்னை இன்னிக்குச் சங்கத்திலருந்து தள்ளப் போறாங்க. தெரியுமா?"

"காதுல விழுந்துச்சு."

"நீ பண்ணலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

இசாகா தண்ணீரில் கிடந்த இலையைக் குச்சியால் தள்ளிவிட்டான். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டான்.

"இன்னிக்கு ஓபா கடைக்குப் புது ரிமோட் வாங்கப் போறானாமே. எது வாங்கறான்?"

"எதுவா இருந்தா உனக்கென்ன?"

"எதுவா இருந்தாலும் சரி. சொன்ன பேச்ச ரொம்ப வேகமா கேக்கறது மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எதிராளியின் ஆயுதத்தைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிறவனைத் தோகுரா பார்த்ததில்லை. வேகமான ரிமோட் வந்தால் இவன் தந்திரம் பலிக்காது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணியதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

ஓபாவின் கடை, ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில், ஓதேன் விற்கும் கிழவியின் கடையை ஒட்டி இருந்தது. கறுப்புச் சாறில் மீன் உருண்டைகளும் முள்ளங்கியும் வேகிற வாசனை சுவரைத் தாண்டி வந்து, ரப்பர் டயர் வாசனையோடு கலந்து நின்றது. ஓபா பருத்த மனிதர். ஏப்ரன் கட்டிக்கொண்டு, ரிமோட் விற்பதைப் பெண் பார்க்கும் படலம் போல நடத்துவார்.

"முதல்ல கையில எடுத்துப் பாருங்க. கனம் கைக்கு ஒத்துப்போகணும். அழகு அப்புறம். சாயங்காலம் வரைக்கும் பிடிச்சிட்டு நிக்கப்போறது நீங்க."

"பொத்தான் எத்தனை?" என்றார் மினோவா.

"உங்களுக்குப் பின் சக்கரத்த தனியா பூட்ட ஒண்ணு, கியர் மாத்த ஒண்ணு, முன்னாடி கயிறு இழுக்கறதுக்கு ஒண்ணு. அதுக்கு மேல பொத்தான் இருந்தா தப்பா அழுத்தறதுக்குத்தான்."

"எங்க வீட்டுல டிவி ரிமோட்டுல இருக்கற பொத்தான்ல பாதிய நான் பயந்துகிட்டே தொட்டதில்ல," என்றாள் கசுமி.

ஓபா மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். ஒன்று சாதாரணம். ஒன்று நடுத்தரம். மூன்றாவதைப் பட்டுத்துணி விரித்து வைத்தார். விலைச்சீட்டைக் கவிழ்த்தே வைத்தார்.

"இதுதான் இப்ப வந்ததுல ராஜா. விரல் அசையறதுக்குள்ள வண்டி அசையும். நடுவுல ஒரு தாமதமும் கிடையாது. விரல்ல இருக்கறது அப்படியே சக்கரத்துக்குப் போகும்."

"அதான் வேணும்," என்றார் மினோவா.

பழைய ரிமோட்டில் மினோவாவுக்குப் பழகிய செட்டிங்குகளைப் பார்த்து, அதையே புதியதிலும் போட்டுக்கொடுப்பது ஓபாவின் வழக்கம். பழையதைத் திறந்து திரையைப் பார்த்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"மினோவா சான், இப்படியா வச்சு ஓட்டறீங்க? விசைய கால்வாசி இழுக்கற வரைக்கும் வண்டிக்குக் காதே கேக்காது. சக்கரம் திருப்பினா தூங்கி எழுந்து திரும்பும். இது மாட்டு வண்டிக்கு வைக்கிற செட்டிங்."

மினோவா ரிமோட்டைப் பிடுங்கினார். "நான் வைக்கல. வாங்கின வருஷம் நீங்க வச்சுக் குடுத்தது. அதுக்கப்புறம் நான் உள்ள போய்ப் பாத்ததே இல்ல."

"அப்ப யாரோ வச்சிருக்காங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மினோவா கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்துவிட்டார். தோகுரா "கொஞ்சம் பொறுங்க" என்று வாயைத் திறந்தார். படம் சங்கத்துக் குழுவுக்குப் போய்விட்டது. ரிமோட்டைத் தொட்டிருக்கிறான், இதோ ஆதாரம் என்று ஒரு வரியும் கூடவே போனது. அடுத்த கணமே பதில்கள் வந்து விழுந்தன. கோபத்தில் சிவந்த கரடிப் படம், தலையில் அடித்துக்கொள்ளும் பூனைப் படம். முன்பெல்லாம் ஒருவன் மானத்தை வாங்க நாலு வீடு ஏறி இறங்க வேண்டும். நடக்கிற நேரத்தில் கொஞ்சம் புத்தி வந்துவிடவும் வாய்ப்பிருந்தது.

அடுத்ததாக மினோவா இசாகாவைக் கைபேசியில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தார்.

"என் ரிமோட்ட தொட்டியா?"

மறுமுனையில் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இசாகாவின் குரல் வந்தது.

"ஆமா. நான்தான் தொட்டேன்."

"எதுக்கு?"

தொடர்பு அறுந்தது. சங்கத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. நாலு மணிக்குக் கூட்டம், இசாகா வந்து விளக்கம் சொல்லட்டும், சொல்ல ஒன்றுமில்லை என்றால் சங்கத்துத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும்.

கசுமி கைப்பையை மாட்டிக்கொண்டாள். "அப்ப முடிஞ்சுது. முதலாளி, பக்கத்துல ஓதேன் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமா? முட்டை நல்லா ஊறியிருக்கும்."

தோகுரா நகரவில்லை. குற்றவாளி ஒப்புக்கொண்டாலே அவருக்குச் சந்தேகம் வரும்.

"ஓபா சான். ஒருத்தன் வண்டிய கவுக்கணும்னு இருக்கு. ரிமோட்டும் கையில கிடைச்சாச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"துள்ள வைப்பேன். லேசா தொட்டாலே பாயற மாதிரி வச்சா முதல் பாறையிலயே போயிடும்."

"இவன் மந்தமாக்கித்தானே வச்சிருக்கான்?"

"மந்தமாத்தான்."

"கெடுக்க வந்தவன் மிளகாய்ப்பொடி போடாம சர்க்கரை போட்டிருக்கான். ஏன்?"

"போட்டவன்கிட்டயே போய்க் கேளுங்க," என்றார் மினோவா. "எனக்கு இந்த மூணையும் ஓட்டிப் பாக்கணும்."

கடையின் பின்கட்டில் ஓபா நிஜப் பாறைகளை லாரியில் கொண்டுவந்து சின்ன மலையாகக் குவித்திருந்தார். முதலில் பழைய ரிமோட்டின் செட்டிங்கை எல்லாம் அழித்து, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பினார். மினோவா ஏற்றினார். விளிம்பில் நிறுத்தினார். வண்டி கவிழ்ந்தது.

"பாத்தீங்களா, அவன் அங்க இருந்துகிட்டே பண்றான்," என்றார் மினோவா. சொல்லும்போதே அவருக்கே அது சரியாகப் படவில்லை. ஆறு வெகுதூரத்தில் இருந்தது.

ரிமோட்டுக்கு ஏற்ற சிக்னல் பெட்டியை வண்டிக்குள் மாற்றிப் பொருத்தி, நடுத்தரத்தைக் கொடுத்தார் ஓபா. இந்தத் தடவை விளிம்புக்குப் போவதற்கு முன்பே கவிழ்ந்தது.

ராஜாவைக் கொடுத்தார். வண்டி முதல் கல்லிலேயே தடுமாறியது.

நல்ல ரிமோட் வர வர வண்டி மோசமாக ஓடியது. தோகுரா கவிழ்த்துக் கிடந்த பிளாஸ்டிக் கூடையை இழுத்துப் போட்டு, நடுவர்கள் உட்காருகிற மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டுகிறவன் நிற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி முழுசாகத்தான் தெரியும். கீழே உட்கார்ந்தால் சக்கரம் தெரியும்.

"இன்னொரு தடவை ஏத்துங்க."

ஜீப் ஏறியது. பாதியில் நின்றது. முன் சக்கரங்கள் நிற்கவில்லை. இடமும் வலமும், இடமும் வலமும், குளிரில் நனைந்த நாய்க்குட்டி போல நடுங்கின. பின் சக்கரங்கள் கொஞ்சம் முன்னால் போய், கொஞ்சம் விட்டு, மறுபடி கொஞ்சம் போயின. தோகுரா சக்கரத்திலிருந்து கண்ணை எடுத்து மெதுவாக மேலே பார்த்தார். வண்டி, பாறை, மினோவாவின் செருப்பு, கால்சட்டை, கடைசியில் கை.

விசையின் மேலிருந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் அதே தாளத்தில்.

கசுமியும் பார்த்துவிட்டாள் என்பது, அவள் வாய் மூடியதிலேயே தெரிந்தது. ஓபா ஏப்ரன் நுனியால் சுத்தமாக இருந்த ஒரு ரிமோட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. தோகுரா எழுந்து வெளியே போனார்.

இசாகா ஓதேன் கடை ஓரமாக நின்றிருந்தான். சங்கத்துத் தொப்பி கையில் மடித்து இருந்தது.

"எது வாங்கறான்?"

"விரல்ல இருக்கறத அப்படியே கொண்டு போறத."

இசாகா கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்பத்திலருந்து தெரியும் உனக்கு?"

"செர்ரி பூத்தப்ப. நடுவரா குந்தியிருந்தேன். சக்கரம் நடுங்குச்சு. மோட்டார்தான் போச்சுன்னு நினைச்சு, அவனுக்குத் தெரியாம அதக்கூட மாத்திப் பாத்தேன். அப்புறம் ஒருநாள் கப் நூடுல்ஸ் மூடியப் பிரிக்க முடியாம, மூடி சரியில்லைன்னு கம்பெனியத் திட்டினான். அன்னிக்குப் புரிஞ்சுது."

"அதுக்கு ரிமோட்ட மந்தமாக்கினியா?"

"கொஞ்சமா. சின்ன நடுக்கம் வண்டிக்குக் கேக்காம இருக்கட்டும்னு. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. ஜெயிச்சான்கூட. அப்புறம் நடுக்கம் கூடிச்சு. நானும் கூட்டினேன். கூட்டக் கூட்ட, அவன் நிறுத்தணும்னு நினைக்கறப்ப வண்டி நிக்கல." அவன் தொப்பியைத் திருப்பினான். "அதனால அவன் சொல்றதும் பொய்யில்ல. மூணு வாரமா அவன் வண்டிய கவுத்தது பாதி அவன் கை. பாதி நான்."

தோகுரா எத்தனையோ திருடர்களைப் பிடித்திருக்கிறார். இப்படி ஒருவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாலு மணிக்குப் போய் இதையே சொல்லு."

"சொன்னா அந்தச் சங்கத்துல பாதிப் பேரு துறைமுகத்துக்காரங்க. நாளைக்கே அவனை கிரேன்லருந்து இறக்கிடுவாங்க. பொறாமைல பண்ணேன்னு சொல்லிடறேன். நம்புவாங்க. நான் எப்பவும் ரெண்டாவதா வர்றவன்தானே."

"கிரேனுக்குக் கீழ நிக்கிறவன்?"

"அங்க கைப்பிடி பெருசு, கனமா இருக்கும். கைய சாய்ச்சுக்க இடம் இருக்கு. அங்க ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறேன்."

"நினைக்கறே."

"ஆமா பெரியவரே. நினைக்கத்தான் முடியுது. வேற என்ன பண்ண முடியுது?"

தோகுரா உள்ளே திரும்பி, கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று, கட்டுப்போடத் தெரியாத வைத்தியன் மாதிரி நேரடியாகச் சொன்னார்.

"மினோவா சான், யாரும் சிக்னல இடிக்கல. உங்க விரல் நடுங்குது. அது வண்டிக்குப் போகுது. அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான் இசாகா மந்தமாக்கி வச்சிருக்கான்."

மினோவா சிரித்தார். வலது கையை விரித்து மேசை மேல் வைத்தார்.

"எங்க நடுங்குது? காட்டுங்க."

கை கல் மாதிரி கிடந்தது. ஐந்து விரலும் அசையவில்லை. கிரேன்காரரின் கை, தடித்த, நம்பத்தகுந்த கை. கசுமியின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. தோகுராவுக்கே ஒரு கணம் தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இருந்தது. அப்படி இருந்தால் நல்லது என்றும் இருந்தது.

"விசைய லேசா, மயிரிழை அளவுக்கு இழுத்துப் பிடிங்க. வண்டி மேசை மேலயே இருக்கட்டும்."

ஓபா ஜீப்பை ஒரு டப்பா மேல் ஏற்றி, சக்கரங்கள் காற்றில் தொங்கும்படி வைத்தார். மினோவா ராஜாவை எடுத்தார். விசையைத் தொட்டார்.

சக்கரங்கள் சுற்றின, நின்றன, சுற்றின, நின்றன. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினோவாவும் பார்த்தார். பல்லைக் கடித்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் அதிகமாயிற்று. பக்கத்துக் கடையில் கிழவி யாருக்கோ முள்ளங்கி தீர்ந்துவிட்டது என்று சொல்வது கேட்டது.

"இதுவும் சரியில்ல," என்றார் மினோவா. "ஓபா சான், இதுக்கு மேல இருக்கறத காட்டுங்க."

"இதுக்கு மேல இல்லீங்க."

"ஒசாகாலருந்து வரவழைக்க முடியாதா?"

ஓபா தலையைக் குனிந்துகொண்டார். மினோவா விசையை விட்டார். நிமிர்ந்தபோது வாசலில் இசாகா நின்றிருந்தான்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"இது எனக்கு வந்திருந்தா நீ சொல்லியிருப்பியா?"

மினோவா ரிமோட்டைப் பட்டுத்துணி மேல் வைத்தார்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு," என்றான் இசாகா. "நான் போய்ட்டு வந்துடறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

"இருடா." மினோவா கைபேசியை எடுத்தார். குழுவைத் திறந்தார். கரடியும் பூனையும் வரிசையாக நின்றன. கட்டைவிரலால் ஏதோ எழுதினார். எழுத்துகள் இரண்டு இரண்டாக விழுந்தன. அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அழித்தார். முதல் படத்தை அனுப்ப ஒரு கணம் போதுமாயிருந்தது. இதற்கு எவ்வளவு நேரமும் போதவில்லை. கடைசியில் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போன்ல சொல்ற விஷயமில்ல இது. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொல்லிடறேன். உன் தொப்பிய நானே திருப்பி வாங்கித் தரேன். டாக்டரையும் பாத்துடறேன். வாக்கு."

"அவசரமில்ல," என்றான் இசாகா. சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

தோகுரா மினோவாவைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல கிரேன் இருக்கா?"

"இருக்கு. நாளைக்குப் பெரிய கப்பல்."

"லீவு போடுங்க."

"பெரிய கப்பல் வர்ற அன்னிக்கு லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க, தோகுரா சான்."

துறைமுகத்துக்குப் போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? பொம்மைக் காரின் சக்கரம் நடுங்குகிறது என்றா? காவல் நிலையத்துக்குப் போகலாம். குற்றம் என்னவென்று கேட்டால்? தோகுரா இரண்டையும் யோசித்தார். அவரை அனுப்பிவிட்டு அவர்கள் சிரிப்பதும் கண்ணில் தெரிந்தது. சிரிக்காமல் நம்பிவிட்டால், தொப்பி இழந்தவனின் மௌனத்தையும் தானே விற்றதாகிவிடும் என்பதும் தெரிந்தது. கண்டுபிடிப்பது வரைதான் அவருக்குத் தெரிந்த வேலை. கண்டுபிடித்ததை எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அவர் வாசலுக்கு வந்தபோது, பின்னால் மினோவா தணிந்த குரலில் கேட்பது காதில் விழுந்தது.

"ஓபா சான், இந்த ராஜாவையே எடுத்துக்கறேன். பழசுல எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி இதுல வச்சுக் குடுத்துடுங்க."

"மந்தமாவா?"

"இன்னும் கொஞ்சம் மந்தமா."

சந்தில் வெயில் சாய்ந்திருந்தது. கசுமி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அவளுக்கு அது பெரிய தூரம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுவாரு முதலாளி. பாவம், கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு."

"ம்."

"டாக்டர்கிட்டயும் போவாரு. வாக்குக் குடுத்திருக்காரு இல்ல?"

"குடுத்தாரு."

"அப்புறம் என்ன? நம்ப மாட்டீங்களா?"

தோகுரா ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டே இருந்தார்.

"நீ நம்பு," என்றார்.